குடல் மேல் விழுந்த பழி

என் அத்தைக்கு முப்பது வருஷமாக மலச்சிக்கல். எங்கள் வீட்டில் இது ரகசியமே இல்லை. கல்யாண வீட்டில் ஒரே ஒரு கக்கூஸ் இருந்தால், அத்தை நாலு மணிக்கே எழுந்து போய்விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காரணமும் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவைக் கேட்டால் "உடம்புச் சூடு". அம்மாவைக் கேட்டால் "தண்ணியே குடிக்கிறதில்ல". சித்தப்பாவைக் கேட்டால் "ராத்திரி பரோட்டா". விளக்கெண்ணெய், கடுக்காய்ப் பொடி, இசப்கோல், மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் வாங்கும் மாத்திரை என்று ஆளுக்கொரு மருந்தும் கையில் இருந்தது.

போன வருஷம் ஒரு டாக்டர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை நாளைக்கு ஒருமுறை போறீங்க" என்ற வழக்கமான கேள்வி இல்லை. "வர வேண்டியது கீழேயே வரமாட்டேங்குதா, இல்ல வாசல் வரைக்கும் வந்து நின்னுடுதா?"

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "முப்பது வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதில்லையே டாக்டர்."

கூட உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது தெரிந்தது, அந்த ஒரு கேள்வியை வந்தடைய நவீன மருத்துவத்துக்கே ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்திருக்கிறது. நடுவில் பல பெண்களின் பெருங்குடலை அறுத்தும் எடுத்திருக்கிறார்கள்.

*

கதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்குகிறது. கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்று பாஸ்டரும் கோக்கும் காட்டி முடித்திருந்த காலம். அப்போது பாரிஸில் ஷார்ல் பூஷார் என்ற மருத்துவர், உடம்பே தனக்குள் விஷத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்று விரிவுரைகள் நிகழ்த்தி, 1887-ல் அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். அந்த விஷத்தின் முக்கியமான ஊற்று குடல். மலம் தேங்கினால் அழுகும், அழுகினால் விஷம் ரத்தத்தில் ஏறும். கேட்டதுமே நம்பத் தோன்றுகிற கருத்து. நம் பாட்டிகளும் வேறு வார்த்தைகளில் இதைத்தானே சொன்னார்கள்? வருஷத்துக்கு இரண்டு தடவை பிள்ளைகளைப் பிடித்து வைத்து விளக்கெண்ணெய் புகட்டியது இந்த நம்பிக்கையில்தான்.

பாஸ்டர் நிறுவனத்திலிருந்த இலியா மெட்ச்னிகாஃப் இன்னும் ஒரு படி மேலே போனார். நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். மனிதனுக்குப் பெருங்குடல் தேவையே இல்லை, அது அழுகலைச் சேர்த்துவைக்கும் கிடங்கு, முதுமைக்கே அதுதான் காரணம் என்பது அவர் எண்ணம். அவர் சொன்ன மருந்து புளித்த பால். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

லண்டனில் ஒருவர் கத்தியை எடுத்தார்.

சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன். கய்ஸ் மருத்துவமனையின் அறுவை நிபுணர். இவரைப் போலி வைத்தியர் என்று நினைத்துவிட வேண்டாம். முறிந்த எலும்பைத் தகடும் திருகும் வைத்து இணைப்பதில் முன்னோடி. காயத்தை விரலால் தொடாமல் நீண்ட கருவிகளாலேயே முழு அறுவையையும் செய்து, கிருமித் தொற்று வராமல் பார்த்துக்கொண்டவர். அந்தக் காலத்து லண்டனில் கைத்திறமையில் அவருக்கு இணையானவர்கள் குறைவு. இந்தக் கதையில் என்னைப் பயமுறுத்துவதும் அதுதான். தவறு நடந்தது கைத்திறமை இல்லாததால் அல்ல.

லேனின் கணக்கு இது: மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதால் குடல் கீழே சரிகிறது, சரிகிற குடலைத் தாங்க உடம்பு புதிய நார்க்கட்டுகளை வளர்க்கிறது, அந்தக் கட்டுகள் குடலை மடக்கி அடைக்கின்றன. சிறுகுடல் முடியும் இடத்தில் அவர் கண்ட மடிப்புக்கு 'லேன் மடிப்பு' என்றே பெயர் வந்தது. குழாயில் அடைப்பு, அதனால் தேக்கம், தேக்கத்தால் விஷம். சோர்வு, தலைவலி, மனச்சோர்வு, கை கால் குளிர்வது, தோல் கறுப்பது என்று எதைச் சொன்னாலும் அந்த விஷக் கணக்கில் சேர்ந்துவிடும். முதலில் சிறுகுடலின் முடிவை வெட்டி, பெருங்குடலின் கடைசிப் பகுதியோடு நேராக இணைத்தார். சிலருக்கு, ஓரங்கட்டப்பட்ட பெருங்குடலுக்குள் மலம் பின்னோக்கிப் போய் நிரம்பியது. அடுத்த கட்டமாகப் பெருங்குடலையே எடுக்கத் தொடங்கினார். நோயாளிகளில் பெரும்பாலானோர் பெண்கள். சிலர் தேறினார்கள், சிலர் புதிய வலிகளோடு மறுபடியும் மேசைக்கு வந்தார்கள், சிலர் வீடு திரும்பவில்லை.

பெர்னார்ட் ஷா 1906-ல் எழுதிய 'தி டாக்டர்ஸ் டைலமா' நாடகத்தில் ஒரு அறுவை நிபுணர் வருவார். எந்த நோயாளியைக் கண்டாலும் ரத்தத்தில் விஷம் என்பார். உடம்பில் இல்லாத ஒரு பையைச் சொல்லி அதை வெட்டியெடுக்க வேண்டும் என்பார். லேனை மனதில் வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தை ஷா செய்தார் என்று சொல்வதுண்டு. ஜனங்கள் தியேட்டரில் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் அறுவை நிற்கவில்லை.

1913-ல் லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் இதற்காகவே ஒரு விவாதத்தைக் கூட்டியது. அது வாரக்கணக்கில் நீண்டது. பேசியவர்களில் பலர் லேனோடு உடன்படவில்லை. ஆனால் ரத்தத்தில் இருப்பதாகச் சொன்ன அந்த விஷம் எது என்று யாராலும் எடுத்துக் காட்ட முடியவில்லை.

*

அதே கய்ஸ் மருத்துவமனையில், லேனைவிட வயதில் மிகச் சிறியவரான இன்னொருவர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். ஆர்தர் ஹர்ஸ்ட். முதல் உலகப் போர்க் காலத்தில், 1916-ல், ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பெயரை ஹர்ஸ்ட் என்று மாற்றிக்கொண்டவர்.

எக்ஸ்ரே கண்டுபிடித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அமெரிக்காவில் வால்டர் கேனன், பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, வயிற்றுக்குள் அது நகர்வதை எக்ஸ்ரேயில் பார்த்திருந்தார். ஹர்ஸ்ட் அதையே மனிதர்களிடம் செய்தார். சாப்பிடக் கொடுப்பது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் பார்ப்பது, எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று குறிப்பது. ஆரோக்கியமானவர்களிடம் உணவு நான்கைந்து மணி நேரத்தில் பெருங்குடலின் தொடக்கத்தை எட்டுகிறது. அதன் பிறகு மெதுவாக ஊர்கிறது.

மலச்சிக்கல் உள்ளவர்களைப் பார்த்தபோது அவர்கள் ஒரே மாதிரி இல்லை என்று தெரிந்தது. சிலருக்குப் பெருங்குடல் வழியெங்கும் தாமதம். வேறு சிலருக்கு எல்லாம் நேரத்துக்குக் கீழே வந்து சேர்ந்துவிடுகிறது. மலக்குடல் நிரம்பியிருக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை. சிலருக்கு நிரம்பியிருக்கும் உணர்வே இல்லை. ஹர்ஸ்ட் இந்த இரண்டாவது வகைக்குத் தனிப்பெயர் வைத்தார்: டிஸ்கீசியா. 1909-ல் வெளியான மலச்சிக்கல் பற்றிய தன் புத்தகத்தில் இந்தப் பிரிவை விரிவாக எழுதினார்.

அதாவது, பாதை வேறு, வாசல் வேறு. அத்தையிடம் டாக்டர் கேட்ட கேள்வி 1909-லேயே பிறந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரேகூட வேண்டாம், கையுறை போட்ட ஒரு விரல் போதும் என்பதுதான் வேடிக்கை. பல நாளாகப் போகாத ஒருவரின் மலக்குடல் நிரம்பியிருந்தால் பிரச்சினை வாசலில். காலியாக இருந்தால் மேலே எங்கேயோ.

வாசல் ஏன் அடைபடுகிறது? ஹர்ஸ்ட் சொன்ன காரணங்களில் ஒன்றை நம் ஊரில் நின்று படிக்கும்போது சுருக்கென்று இருக்கிறது. உணர்வு வரும்போது போகாமல் அடக்குவது. ஒரு நாள் அடக்கினால் ஒன்றுமில்லை. வருஷக்கணக்கில் அடக்கினால் மலக்குடல் அந்த உணர்வையே இழந்துவிடுகிறது.

1922-ல் ஹர்ஸ்ட் ஆற்றிய ஓர் உரை 'பெருங்குடலின் பாவங்களும் துயரங்களும்' என்ற பொருளில் அச்சாகியது. குடல் செய்த பாவத்தைவிட, அதற்கு மருத்துவர்கள் கொடுத்த துயரம் அதிகம் என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

*

விஷக் கொள்கையை அசைத்தவர்களில் அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் முக்கியமானவர். 1919-ல் அவர் வைத்த வாதம் ரொம்ப எளிமையானது. மலச்சிக்கலால் தலைவலி, மந்தம், எரிச்சல் என்று சொல்பவர்களுக்கு, போய்விட்டு வந்த சில நிமிஷங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறது. ரத்தத்தில் விஷம் ஏறியிருந்தால் அது இவ்வளவு சீக்கிரம் இறங்குமா? குடித்தவனுக்குப் பாட்டிலைப் பிடுங்கிய உடனே போதை தெளிகிறதா? விரிந்து கிடக்கும் மலக்குடல் நரம்புகளை உறுத்துகிறது, அந்த உறுத்தல்தான் இத்தனையும் செய்கிறது என்றார். அந்த வருஷங்களில் நடந்த பரிசோதனைகளில் ஆரோக்கியமானவர்களின் மலக்குடலில் வெறும் பஞ்சைத் திணித்துப் பார்த்தார்கள். அதே தலைவலி, அதே மந்தம் வந்தது. பஞ்சில் ஏது விஷம்?

லேன்கூடக் கடைசிக் காலத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். 1925-ல் நியூ ஹெல்த் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கி, தவிட்டு ரொட்டி சாப்பிடுங்கள், காய்கறி சாப்பிடுங்கள் என்று ஜனங்களிடம் நேரடியாகப் பேசினார். மருத்துவர்கள் இப்படி விளம்பரம்போலப் பேசக் கூடாது என்று விதி இருந்ததால், 1933-ல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து தன் பெயரைத் தானே நீக்கிக்கொண்டார். காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவர், உணவு விஷயத்தில் ஓரளவு சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

*

பிறகு ஒரு நீண்ட அமைதி. விஷக் கொள்கை மதிப்பிழந்ததும் மருத்துவர்களுக்கு மலச்சிக்கல் மேலேயே ஆர்வம் போய்விட்டது. "டெஸ்ட் எல்லாம் நார்மல்மா, மனசுதான் காரணம்" என்ற பதில் வந்து உட்கார்ந்தது. குடலைக் குற்றவாளி ஆக்கியவர்கள் போய், நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறவர்கள் வந்தார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. பிரேசிலின் கிராமப்புறங்களில் சில பெரியவர்களுக்கு வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் மலம் போகாமல் பெருங்குடல் பூதாகாரமாக வீங்கியிருக்கும். மண் சுவர்ப் பொந்துகளில் வாழும் ஒரு பூச்சி பரப்பும் ஒட்டுண்ணி நோயை கார்லோஸ் சாகஸ் 1909-லேயே விவரித்திருந்தார். ஆனால் அந்த நோய்க்கும் இந்த வீக்கத்துக்கும் என்ன தொடர்பு? 1950-களில் ரிபெய்ராவ் ப்ரேட்டோவில் பணியாற்றிய ஃப்ரிட்ஸ் கோபர்லே, இறந்தவர்களின் குடல் சுவரை மைக்ராஸ்கோப்பில் வைத்து நரம்பு செல்களை உட்கார்ந்து எண்ணினார். அவை பெருமளவு அழிந்திருந்தன. இளமையில் நுழைந்த ஒட்டுண்ணி, பல வருஷம் கழித்துக் குடலை முடமாக்கியிருக்கிறது. இங்கே குற்றவாளி உணவும் அல்ல, மனசும் அல்ல. பொந்து விழுந்த மண் சுவரும், அதில் வாழ வேண்டியிருந்த வறுமையும்.

இன்னொன்று, கண்ணெதிரே இருந்தும் யாரும் பெரிதாகக் கவனிக்காதது. ஜேம்ஸ் பார்கின்சன் 1817-ல், பிற்பாடு தன் பெயரைத் தாங்கப்போகும் நடுக்க நோயை விவரித்தபோதே, நோயாளிகளின் குடல் மந்தமாவதையும் குறித்திருந்தார். கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே மலச்சிக்கல் வந்துவிடலாம் என்று இன்றைக்குத் தெரிகிறது. மலச்சிக்கல் வந்த எல்லோருக்கும் பார்கின்சன் வரும் என்று அர்த்தமில்லை, பயந்துவிடாதீர்கள். மலச்சிக்கல் சில சமயம் வேறெங்கோ நடப்பதன் செய்தி என்பது மட்டும்தான் விஷயம். தைராய்டு குறைந்தாலும், ரத்தத்தில் கால்சியம் கூடினாலும், சர்க்கரை நோய் நரம்பைத் தொட்டாலும் இதே செய்தி வரும். இரும்புச்சத்து மாத்திரை, சிலவகை ரத்த அழுத்த மாத்திரை, அபின் வகை வலி மருந்துகள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலேயே காரணம் இருப்பதும் உண்டு.

*

1969-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஒரு மலிவான தந்திரம் பிறந்தது. ஹின்டன், லென்னார்ட்-ஜோன்ஸ், யங் என்ற மூவர், எக்ஸ்ரேயில் தெரியும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை விழுங்கக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து ஒரு எக்ஸ்ரே. எத்தனை துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது? ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்து நாளில் 80 சதவீதத் துண்டுகள் வெளியேறியிருந்தன. இப்போது 'மெதுவான குடல்' என்பது ஒரு புகார் மட்டுமல்ல, எண்ணிப் பார்க்கக் கூடிய விஷயம்.

இந்தத் துண்டுகளை உடனே எடுத்துப் பயன்படுத்தியவர் டெனிஸ் பர்கிட். உகாண்டாவில் நீண்ட காலம் அறுவை மருத்துவராக இருந்தவர். 1972-ல் அவரும் வாக்கர், பெயின்டர் இருவரும் சேர்ந்து, நார்ச்சத்து நிறையச் சாப்பிடும் ஆப்பிரிக்கக் கிராமத்தினரையும் இங்கிலாந்துக்காரர்களையும் ஒப்பிட்டு எழுதினார்கள். கிராமத்தினரின் மலம் அளவில் அதிகம், வெளியேறுவதும் வெகு சீக்கிரம். உலகம் மறுபடி ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டது: நார்ச்சத்துக் குறைவு. விஷத்தின் நாற்காலியில் நார் வந்து உட்கார்ந்தது. அத்தைக்கு எல்லோரும் கீரை சாப்பிடச் சொன்னதன் பின்னால் பர்கிட் இருக்கிறார்.

நார்ச்சத்து பொய் இல்லை. பலருக்கு அது போதும். ஆனால் யாருக்குப் போதும்? 1997-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. 149 நோயாளிகளுக்கு நம் இசப்கோல் வகை விதையைக் கொடுத்துப் பார்த்தார்கள். சோதனைகளில் குறை எதுவும் தெரியாதவர்களில் 85 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. குடல் ஓட்டம் மெதுவாக இருந்தவர்களில் 80 சதவீதத்தினருக்கும், வாசலில் சிக்கல் இருந்தவர்களில் 63 சதவீதத்தினருக்கும் பலனே இல்லை. அதே பொடி, அதே புகார். காரணம் வேறு என்பதால் விளைவும் வேறு.

வாசல் சிக்கலைத் திரும்பவும் மேசைக்குக் கொண்டுவந்தவர் அதே லென்னார்ட்-ஜோன்ஸ். 1985-ல் அவரும் பிரஸ்டனும், முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை சிலருக்கு இறுகுவதைப் பதிவு செய்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டே தாழ்ப்பாளையும் போடுவது மாதிரி. அந்தப் பெண்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அப்படி நடக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. மலக்குடலில் ஒரு சின்ன பலூனை வைத்துத் தண்ணீர் நிரப்பி, வெளியே தள்ளச் சொல்லுவது இதற்கான எளிய சோதனை. அடுத்த வருஷமே அதே இருவரும், பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும், குடல் அளவில் இயல்பாக இருந்தும் ஓட்டம் மட்டும் படு மெதுவாக இருக்கும் இன்னொரு வகையைத் தனியாக விவரித்தார்கள்.

1909-ல் ஹர்ஸ்ட் இரண்டாகப் பிரித்ததை, 1980-களில் அளந்து நிரூபித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயம் இல்லை. வாசல் சிக்கலுக்கு மருந்து மாத்திரை அல்ல, பயிற்சி. தசை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதைத் திரையில் பார்த்துப் பார்த்துப் பழகுவது. 2006-ல் இத்தாலியில் வெளிவந்த ஒப்பீட்டில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்குப் பெரிய முன்னேற்றம். மலமிளக்கி மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான்.

லேன் செய்த அறுவை இன்றும் நடக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மருந்து எதற்கும் அசையாத மெதுவான குடல், வாசலில் சிக்கல் இல்லை என்று உறுதி, இதெல்லாம் சோதித்த பிறகு, மிகச் சிலருக்குப் பெருங்குடலை எடுக்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்தான் லேனிடம் இல்லை.

*

இப்போது உலகளவில் பயன்படும் ரோம் அளவுகோலின் 2016-ஆம் வருஷப் பதிப்பில் ஆறு அறிகுறிகள் இருக்கின்றன. முக்க வேண்டியிருப்பது, கட்டி கட்டியாக வருவது, முழுசாகப் போகாத உணர்வு, அடைத்துக்கொண்ட உணர்வு, விரலால் உதவ வேண்டியிருப்பது, வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போவது. ஆறில் ஒன்றுதான் நாள் கணக்கு. நம் வீடுகளிலும் பல கிளினிக்குகளிலும் கேட்கப்படுவது அந்த ஒன்று மட்டும். தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை சுகமாகப் போகிறவருக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் ரத்தம் போவது, எடை குறைவது, ரத்தசோகை, நடுவயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டிய இடம் அது.

அத்தையின் டாக்டர் அடுத்துக் கேட்டது, "எங்க வேலை பாத்தீங்க?"

ஜவுளிக்கடையில். இருபத்திரண்டு வருஷம். உட்காரக் கூடாது. கக்கூஸ் நாலாவது மாடியில், போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். தீபாவளி சீசனில் சொல்லவும் முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள், வருவதை அடக்கிக்கொண்டாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். அதற்குள் அத்தை வேலையை விட்டு நின்றிருந்தாள்.

விரலால் சோதித்தபோது மலக்குடல் நிரம்பியிருந்தது. முக்கச் சொன்னபோது தசை தளரவில்லை, இறுகியது. வேறெங்கோ எழுதிக் கொடுத்து வருஷக்கணக்கில் நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரும்பு மாத்திரை, அவளுக்கு இனி தேவையில்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. பாதை கொஞ்சம், வாசல் நிறைய. உடம்புச் சூடும் இல்லை, பரோட்டாவும் இல்லை.

வாரம் ஒருமுறை பயிற்சிக்குப் போய்வருகிறாள். காலுக்கு அடியில் ஒரு சின்ன மணை போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். முழுசாகச் சரியாகிவிட்டதா என்று கேட்டால் "பரவாயில்ல" என்கிறாள். ஆனால் போன மாசம் ஒரு கல்யாணத்தில் ஏழு மணி வரை தூங்கினாள். அம்மாதான் போய் எழுப்ப வேண்டியிருந்தது.